ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எங்கள் பிள்ளைகளுக்கு

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும், ஆய்வு நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும், அங்கே ஆய்வு செய்யும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் ரிசல்ட் வந்ததும் பெற்றோர்கள் பள்ளிக்கு வருவார்கள். பாடத்தை விரும்பிப் படித்த பிள்ளையாக இருந்தால், "இவ இயற்பியலே படிக்கட்டும்ங்க, ஆராய்ச்சி வரைக்கும் போவா" என்று சொல்வேன். "ஆராய்ச்சின்னா எத்தன வருசம் டீச்சர்? எவ்ளோ செலவாகும்? முடிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்று கேட்பார்கள். மூன்று கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். ஆனால் நான் சொன்னால் அவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. நான் ஆராய்ச்சி செய்தவள் இல்லை. அந்த வாழ்க்கையை வாழ்கிற ஒருவரை அவர்கள் கண்ணால் பார்த்ததும் இல்லை. டாக்டரைப் பார்த்திருக்கிறார்கள், வக்கீலைப் பார்த்திருக்கிறார்கள், வி.ஏ.ஓ.வையும் பேங்க் மேனேஜரையும் தெரியும், இன்ஜினியர் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். விஞ்ஞானி எங்கள் ஊரில் எந்தத் தெருவிலும் இல்லை.

அதனால்தான் இந்த மடல். உங்கள் ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வையும், அதற்கு வந்து சேர்ந்த வழியையும், ஆய்வகத்துக்கு வெளியே தாங்கள் வாழும் வாழ்க்கையையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர்கள் லீவு போட்டுவிட்டு, ஆய்வை வழிநடத்தும் கைடுக்குத் தெரியாமல் வந்து செய்துவிட்டுப் போகும் உபகாரமாக அது இருக்கக் கூடாது. ஆய்வு வேலையின் ஒரு பகுதி இது என்று நீங்கள் எழுத்தில் அங்கீகரிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்து மலையேறினால் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் அங்கே இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளி மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கான சான்றுகளில் அதுவும் ஒன்றாயிற்று. 1988-இல் ராஜமோகன் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோள் இன்று ராமானுஜன் பெயரைத் தாங்கிச் சுற்றுகிறது. இதையெல்லாம் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு அவர்களிடமிருந்து வரும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். "நைட்டெல்லாம் முழிச்சிருப்பாங்களா டீச்சர்? பகல்ல தூங்கினா அவங்க புள்ளைங்ககூட எப்பப் பேசுவாங்க? மேகம் வந்துட்டா அன்னைக்கு லீவா?" சனிக்கிழமைகளில் அங்கே பொதுமக்களை அனுமதிக்கிறார்கள்; பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். திரும்பி வரும்போது வேன் முழுக்கப் பேச்சாக இருந்தது, எங்களுக்கு விளக்கம் சொன்ன இளைஞரைப் பற்றி. குளிருக்குக் குரங்குக்குல்லா போட்டிருந்தாரே, நடுவில் அம்மாவிடம் போனில் "சாப்ட்டேம்மா" என்று சொன்னாரே என்று. நம்ம வீட்டு அண்ணன் மாதிரி இருக்கிற ஒருவர் வானத்தைப் படிக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. வளையங்களை விட அது பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது.

1983-இல் டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு முடிவை வெளியிட்டார். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 4,807 சிறுவர் சிறுமியரிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லியிருந்தார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அந்த 28 பேரும் சிறுமிகள். அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக நடந்த இத்தகைய ஆய்வுகளை 2018-இல் ஒரு குழு சேர்த்துப் பார்த்தபோது, 1985-க்குப் பிந்தைய படங்களில் சராசரியாக நூற்றுக்கு 28 பெண்களாக இருந்தன. பெண்கள் அந்தத் துறைகளில் அதிகமானார்கள், பிள்ளைகள் கண்ணிலும் பட்டார்கள், படமும் மாறியது. என் வகுப்பிலும் வரையச் சொல்லிப் பார்ப்பதுண்டு. வெள்ளைக் கோட்டு, புகை வரும் குடுவை, அப்துல் கலாமின் தலைமுடி. கலாமை எங்கள் பிள்ளைகள் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவரைத் தவிர இன்னொரு முகம் அவர்களுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 28 வந்தால் எல்லாப் பள்ளியிலும் சி.வி. ராமனைப் பற்றிப் பேசுகிறோம். கடல் ஏன் நீலம், ஒளிச்சிதறல், 1930-இல் நோபல் பரிசு, கைதட்டல். 1907-இல் பதினெட்டு வயது ராமன் கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. பத்தாண்டு அந்த வேலை. நடுவில் ரங்கூனுக்கு மாற்றல், நாக்பூருக்கு மாற்றல். ஆபீசுக்குப் போவதற்கு முன்னும் ஆபீஸ் விட்ட பிறகும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு. 1917-இல் பேராசிரியர் பதவி வந்தபோது, அதை விடக் கூடுதல் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த அரசு வேலையை உதறினார். கவர்ன்மென்ட் வேலைதான் வேலை என்று வளர்க்கப்படும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒளிச்சிதறலோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 1920-இல் அவர் 'நேச்சர்' இதழில் எழுதியது மிருதங்கம், தபலா போன்ற நம் தோல் வாத்தியங்களின் நாதத்தைப் பற்றி. இசையை நேசிக்கும் வீட்டில் வளர்ந்த மனிதர், காதில் விழுந்ததையும் ஆய்வாக்கினார். என் வகுப்பில் பறை அடிக்கும் பையன் இருக்கிறான். தீயில் காட்டினால் தோல் ஏன் விறைக்கிறது, சுருதி ஏன் ஏறுகிறது என்று அவனுக்குக் கை சொல்லும். அதுவும் இயற்பியல்தான் என்று ஆராய்ச்சி செய்கிற ஒருவர் வந்து அவனிடம் உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்று அடிக்கடி நினைப்பேன்.

ராமனோடு உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். 1928 பிப்ரவரியில் அந்த ஆய்வகத்தில் நாளுக்கு நாள் நடந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஓர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது ராமனே வீட்டுக்கு வந்து தன்னைக் கூப்பிட்டதை அதில் படிக்கலாம். ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கு முந்தைய நாட்களின் பரபரப்பு இன்று நமக்குக் கிடைப்பது அவர் எழுதி வைத்ததால்தான். எழுதாதவர்களின் நாட்கள் எத்தனை போயினவோ.

எங்கள் மாவட்டத்தைப் பற்றியும் ஒன்று. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல்தான் பிழைப்பு. என் மாணவிகளின் அம்மாக்கள் பாதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அந்தப் புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம் கொண்டது என்பதை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது பக்கத்தில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காருவின் வால் தசைநார். இதைச் சொன்ன அன்று வகுப்பில் ஒரு பெண், "எங்கம்மா தெனமும் தொட்டுட்டு வர்ற தோலுக்குள்ளயா டீச்சர்?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் இல்லாத இந்தச் செய்தி எனக்குக் கிடைத்தது ஆய்வாளர்கள் எப்போதோ எங்கேயோ மனம்விட்டு எழுதியதால்தான். ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது.

இனி, எங்கள் பள்ளிக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்களிடம் நான் என்ன கேட்கிறேன் என்பது அப்போது தெளிவாகும்.

அவள் இங்கே படித்தவள். கடலையே பார்க்காமல் வளர்ந்த பெண், இப்போது கடலோர அலையாத்திக் காட்டில் நண்டுகளை ஆய்வு செய்கிறாள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவுக்குப் பெரிதாக இருக்கும், அந்த வகை நண்டு. ஒரு மதியம் முழுக்கப் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்து பேசினாள். மேடை இல்லை, மைக் இல்லை. பி.வி.சி. பைப்பில் செய்த அரை மீட்டர் சதுரச் சட்டத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். அதைச் சேற்றின்மேல் வைத்து, உள்ளே எத்தனை வளை இருக்கிறது என்று எண்ணுவதுதான் அவள் வேலையில் பாதி என்று காட்டினாள். வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்துப் பிள்ளைகளை எண்ண வைத்தாள். ஆளுக்கொரு எண்ணிக்கை வந்தது. "எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. ஒரே எடத்த ரெண்டு பேர் எண்ணணும்னு அப்பத்தான் கத்துக்கிட்டேன்" என்றாள். நண்டு வளை தோண்டுவதால் சேற்றுக்குள் காற்று போகிறது, மரத்தின் வேருக்கு அது நல்லது; கடல்நீர் ஏறி வரும்போது நண்டு மண்ணை உருட்டி வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும்; பெரிய கொடுக்கை ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். இதையெல்லாம் அவள் சொன்ன விதத்தில் பையன்கள் அவரவர் கையை ஆட்டிக் காட்டினார்கள்.

கேள்வி நேரம் ஆய்வைத் தாண்டிப் போயிற்று. சேற்றில் கால் மாட்டிக்கொள்ளுமா? மாட்டும், ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலையில் எத்தனை மணிக்குப் போவீர்கள்? நீர் வற்றும் நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும், அதனால் ஒரு வாரம் விடிகாலை, இன்னொரு வாரம் உச்சி வெயில். பாத்ரூம்? ஒரு மாணவி தயங்கித் தயங்கித்தான் இதைக் கேட்டாள். வந்தவள் மறைக்காமல் பதில் சொன்னாள்: பக்கத்துக் குப்பத்தில் ஒரு அக்கா வீடு பழக்கம், அங்கே போவேன், முதல் வருடம் அது இல்லாமல் தண்ணீரே குடிக்காமல் இருந்து உடம்புக்கு வந்தது. வீட்டில் கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லவில்லையா? சொல்கிறார்கள், அப்பாவோடு சண்டையும் நடந்தது, இப்போது ஃபெல்லோஷிப்பில் வீட்டுக்குப் பணம் அனுப்புவதால் கொஞ்சம் அமைதி. எழுதிய கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பியதைச் சொன்னாள். அன்று இரவு விடுதி மொட்டைமாடியில் அழுததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் கேரம் ஆடுவதையும், சீரியல் பார்ப்பதையும், ஊர்த் திருவிழாவுக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடுவதையும் சொன்னாள்.

மறுவாரம் ஒரு மாணவியின் அப்பா வந்தார். பீடித் தொழிலாளி. "அந்தப் பொண்ணு சொன்னிச்சாமே, படிக்கிறதுக்கு அவங்களே காசு தருவாங்கன்னு. நெசமா டீச்சர்?" என்று கேட்டார். நான் பல வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், உண்மைதான். தேசிய அளவிலான தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை, அதாவது ஃபெல்லோஷிப், பெற்றால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அதற்கு முன் 31,000. இரண்டு ஆண்டுக்குப் பிறகு முதுநிலையாக உயர்ந்தால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இந்த எண்களை எங்கள் ஊரில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? பிஎச்.டி. என்றால் வசதியானவர்கள் பொழுதுபோகப் படிப்பது என்றுதான் நினைக்கிறார்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த நல்கை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்தத் தேர்வில் தேறாமல் சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் என்று பல ஆண்டாக நிற்கிறது. பல மாதம் பணம் வராமல் மெஸ் பாக்கி ஏறுவதை ஆய்வு மாணவர்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கு வருகிறவர்கள் இதையும் பேசட்டும். அவர்களைத் தடுக்காதீர்கள். நல்லதை மட்டும் சொல்லி அனுப்பினால் அது கல்லூரி அட்மிஷன் விளம்பரம் ஆகிவிடும். எங்கள் மக்களுக்கு அந்த வாசனை உடனே தெரியும்.

தோல்வியைப் பேசுவது ஆய்வாளருக்கு இழுக்கு என்று யாராவது எண்ணினால் வெங்கி ராமகிருஷ்ணனைப் பார்க்கட்டும். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்து, குழந்தையாக இருந்தபோதே பரோடாவுக்குக் குடிபோனவர். ஐ.ஐ.டி.யிலும் இடம் கிடைக்கவில்லை, வேலூர் சி.எம்.சி.யிலும் கிடைக்கவில்லை என்பதை அவரே சொல்லியிருக்கிறார். 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, இது தன் துறை இல்லை என்று தோன்றி, உயிரியல் கற்க மறுபடி மாணவராகப் போய்ச் சேர்ந்தார். பிறகு பேராசிரியர் வேலைக்கு ஐம்பது இடங்கள் வரை விண்ணப்பித்தும் ஒன்றும் அமையவில்லை. 2009-இல் உயிரணுவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக வேதியியல் நோபல் பரிசு. இயற்பியல் படித்து, உயிரியலுக்கு மாறி, வேதியியலில் பரிசு! நீட்டில் மதிப்பெண் குறைந்து, வீட்டில் யாரோடும் பேசாமல் சுருண்டு கிடக்கும் பிள்ளைக்கு நான் இந்தக் கதையைத்தான் கொண்டு போகிறேன். அவர் மறைத்திருந்தால் என் கையில் ஒன்றும் இருந்திருக்காது. 2010-இல் மெலனி ஸ்டீஃபன் என்ற இளம் ஆய்வாளர், தோற்றுப்போன விண்ணப்பங்களையும் நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளையும் வரிசையாக எழுதி ஒரு பயோடேட்டா வைத்துக்கொள்ளுங்கள் என்று 'நேச்சர்' இதழில் யோசனை சொன்னார். 2016-இல் பிரின்ஸ்டனில் இருந்த யோகன்னஸ் ஹவுஸ்ஹோஃபர் தன்னுடையதை எல்லோரும் பார்க்க வெளியிட்டார். நம் பேராசிரியர்களில் ஒருவர் அப்படி ஒன்றைத் தமிழில் எழுதினால் அதை எங்கள் பள்ளிச் சுவரில் ஒட்டி வைப்பேன்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். அன்னா மணி 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலைகளை ஆய்ந்தார். தனி ஆசிரியராக ஐந்து கட்டுரைகள். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. அவர் அதோடு நிற்கவில்லை. லண்டன் போய், திரும்பி வந்து, 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, இந்தியாவின் வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர், சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர், கடைசிக் காலத்தை மதுரவாயலில் செடிகளோடு கழித்தவர். 1984-இல் இறந்தார். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் மாணவிகள் இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் ஆராய்ச்சிக்குப் போனால் குடும்பம் கிடையாதா என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் இன்றைக்கு உங்கள் ஆய்வகங்களில் இருக்கும் பெண்களிடம்தான் இருக்கிறது. பிஎச்.டி. காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு எடுக்க யு.ஜி.சி. விதி இருக்கிறது. இடையில் வேலையை விட்டவர்கள் திரும்பி வர மத்திய அரசின் மகளிர் விஞ்ஞானிகள் திட்டம் இருந்திருக்கிறது. காகிதத்தில் உள்ளது நடைமுறையில் எப்படி இருந்தது, குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், மாமியார் என்ன சொன்னார், கைடு என்ன சொன்னார் என்பதைப் பெற்றெடுத்து வளர்த்தவர்களே சொல்ல வேண்டும். 2008-இல் இந்திய அறிவியல் அகாதெமி ஏறத்தாழ நூறு பெண் விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்டது. அரிய வேலை. அதுவும் ஆங்கிலத்தில்.

நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய, தேனிப் பொட்டிப்புரத்தில் மலைக்குள் ஆய்வகம் அமைக்கும் திட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு எதிர்ப்பு, நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் என்று நீண்டது. மலைக்குள் வெடிவைத்துச் சுரங்கம் தோண்டுவது பற்றி, தண்ணீர் பற்றி, காடு பற்றி மக்கள் கேட்டவை நியாயமான கேள்விகள். அவற்றோடு சேர்ந்து அணுகுண்டு, கதிர்வீச்சு என்று பயமும் பரவியது. என் மாணவர்களும் கேட்டார்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ ஒவ்வொரு நொடியும் நம் கட்டைவிரல் நகத்தின் வழியாக மட்டும் ஆறாயிரம் கோடிக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது, நமக்கு ஒன்றும் ஆவதில்லை என்று சொன்னேன். விஞ்ஞானிகள் ஊருக்குள் வந்து கூட்டம் போட்டுப் பேசினார்கள் என்பதையும் அறிவேன். ஆனால் முன்பின் பழக்கமில்லாதவர், தனக்கு ஒன்று வேண்டிய நேரத்தில் வந்து பேசினால் கிராமம் எப்படிக் கேட்கும் என்பது கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு இருபது ஆண்டு முன்பிருந்தே அந்தப் பள்ளிகளில் இயற்பியலாளர்கள் வந்து போய்ப் பழகியிருந்தால், திட்டம் வந்திருக்குமோ வராதோ, பேச்சு வேறு தரத்தில் இருந்திருக்கும். மக்களின் சந்தேகங்களும் விஞ்ஞானிகளின் காதில் முன்பே விழுந்திருக்கும்.

உங்களால் உடனே செய்யக்கூடியதைக் கேட்கிறேன்.

அமெரிக்காவில் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர் பாஸம் ஷகாஷிரி தொடங்கிய ஒரு வழக்கம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டில், துறை தெரியாத வாசகருக்காக ஓர் அத்தியாயம் சேர்க்க மாணவர்களை ஊக்குவிக்கிறார்கள். தமிழ்நாட்டில் சமர்ப்பிக்கப்படும் அறிவியல் ஆய்வேடு ஒவ்வொன்றிலும் அப்படி ஓர் அத்தியாயம் தமிழில் இருக்கட்டும். பத்துப் பக்கம் போதும். என்ன கேள்வி, ஏன் அந்தக் கேள்வி, எப்படித் தேடினேன், எங்கே தடுக்கினேன், இந்த ஐந்து வருடம் எப்படிப் போயிற்று. ஆங்கிலச் சொற்கள் கலந்து வந்தால் வரட்டும், பேசுகிற மாதிரி எழுதட்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்த மாணவர் தன் மொழியில் எழுதட்டும், நண்பர் ஒருவர் தமிழாக்கித் தரட்டும். ஆய்வேடுகள் எப்படியும் இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறுகின்றன. இந்தப் பத்துப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து எங்களுக்குக் கொடுங்கள். 'துளிர்' இதழ் 1987-லிருந்து பிள்ளைகளுக்குத் தமிழில் அறிவியல் சொல்லிக்கொண்டிருக்கிறது. எழுத ஆள் இல்லை என்ற குறை அதன் பிறகு அதற்கும் இருக்காது.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022 மே மாதம் அறிவியல் சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. ஆண்டுக்குப் பத்து நாளாவது அறிவியலாளர்கள் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. அந்தப் பத்து நாளைப் பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டமாகச் சேருங்கள். ஆய்வு மாணவருக்கு அதை ஆன்-டியூட்டியாகக் கொடுங்கள், பஸ் செலவைக் கொடுங்கள். "பேப்பர் எழுதுற நேரத்துல ஸ்கூல் ஸ்கூலா சுத்துறியா?" என்று கைடு கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் பலர் வரத் தயங்குகிறார்கள். நான் பள்ளிக்கு அழைத்த ஒருவர், வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். உங்கள் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை அந்தப் பயத்தைப் போக்கும்.

ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் பெரிதாக எதையும் சாதித்திருக்க வேண்டியதில்லை. பரிசு வாங்கிய பிறகு வரலாம் என்று காத்திருக்காதீர்கள்; எங்கள் பிள்ளைகளுக்கு அவர்களை விடப் பத்து வயது மூத்தவர்கள்தான் தேவை. பவர்பாயின்ட் வேண்டாம், எங்கள் புரொஜக்டர் பாதி நாள் வேலை செய்யாது. கையில் பிடித்துப் பார்க்கிற பொருள் ஒன்று கொண்டு வாருங்கள். உங்கள் லேப் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள், அடித்துத் திருத்திய பக்கங்களைக் காட்டுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லுங்கள். என்ன படித்தீர்கள், எந்த நுழைவுத் தேர்வு எழுதினீர்கள், அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய அரசு நிறுவனமான ஐசருக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். தமிழ்நாட்டில் ஐசர் கிடையாது, ஆனால் திருப்பதியும் திருவனந்தபுரமும் தொலைவில் இல்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. மருத்துவத்துக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்த பிறகு எங்கள் பள்ளிகளில் அந்தக் கனவுக்கு ஒரு வழி தெரிகிறது, அது நல்லது. அறிவியல் படிப்புக்கு வழி சொல்ல ஆள் வேண்டும்.

பள்ளிப் பக்கம் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 2022 நவம்பரிலிருந்து செய்முறையாக அறிவியல் சொல்லும் வானவில் மன்றம் நடக்கிறது, மேல் வகுப்புகளுக்கு உயர்கல்விக்கு வழிகாட்டும் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. அவற்றோடு நீங்கள் சேர்ந்துகொள்ளலாம். ஒரு நாள் விழா, பொன்னாடை, குரூப் போட்டோ என்று முடித்துவிட வேண்டாம். ஒரு துறை ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டு வருடா வருடம் அதே பள்ளிக்கு வரட்டும். பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் பார்த்த அக்காவை ப்ளஸ் டூவில் மறுபடி பார்க்கும்போது கேட்கும் கேள்விகள் வேறு.

காலம் பற்றிய ஒரு வேண்டுகோளும் உண்டு. அறிவியல் தினம் என்று பிப்ரவரி கடைசியில் வராதீர்கள். அப்போது ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு முடிந்து பொதுத்தேர்வு வாசலில் நிற்கும் நேரம்; யார் வந்தாலும் காதில் ஏறாது. ஜூலை, ஆகஸ்ட் நல்லது. காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுவது வேண்டாம், மதியம் இரண்டு பீரியட் சேர்த்துத் தருகிறேன், தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். வேலூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் பஸ் உண்டு. மதிய உணவு எங்களோடு.

இப்படிக்கு,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை,
திருப்பத்தூர் மாவட்டம்.